கண்ணில் படக்கூடாத துணி

அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றைக்கே டாக்டரம்மா எனக்கு ஒரு சட்டம் சொல்லிவிட்டார். அவர் வாயால் சொல்லாமல் ஒரு நோயாளியும் கேட்டைத் தாண்டி வேறு ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது. வேறு எதை மன்னித்தாலும் அதை மட்டும் மன்னிக்க மாட்டார். 'இங்கே முடியாமல் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார்கள்' என்று சங்கரன்கோவிலில் ஒரு பேச்சு கிளம்பினால் போதும், பிரசவமெல்லாம் அடுத்த தெரு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும் என்று அவருக்குப் பயம். வேலை போய்விடுமே என்று எனக்குப் பயம். இரண்டு பேர் பயத்தில்தான் அந்த இடம் நடந்தது.

எனக்குப் பயம் புதிதில்லை. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அப்பா படுத்த படுக்கையானதும் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கூட்டிப் பெருக்கினேன். அப்புறம் ஊசியும் சிரிஞ்சும் வெந்நீரில் கொதிக்கவைக்கிற வேலைக்குப் போட்டார்கள். பார்த்துப் பார்த்துக் கை பழகி, ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, நாடி பார்ப்பது, பிரசவத்துக்குக் கூட நிற்பது எல்லாம் என் தலையில் வந்து சேர்ந்தது. வெள்ளைச் சேலையும் கொடுத்தார்கள். வருகிறவர்களுக்கு நான் நர்சம்மா. சம்பளத்தைப் பற்றி வாயைத் திறந்தால் மட்டும், "உனக்கு என்ன சர்ட்டிபிகேட்டா இருக்கு?" என்ற கேள்வி வந்துவிடும்.

பயந்து பயந்து ஒரு தடவை மாட்டிக்கொண்டதும் உண்டு. பிள்ளை பெற்ற ஒருத்தி கண்ணைச் செருகினாள் என்று டாக்டரம்மாவைக் குளியலறையிலிருந்து கூப்பிட்டுவிட்டேன். ஈரத்தலையோடு ஓடி வந்து பார்த்தால், அவளுக்குப் பசி மயக்கம். ஒரு டம்ளர் பால் குடித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "இனிமே என்னைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசி. நீ தீயணைப்பு வண்டி மாதிரி மணியடிச்சிக்கிட்டே இருந்தா நான் எப்பத்தான் நிம்மதியா இருக்கது?" என்றார். அதிலிருந்து அங்கே இருந்த ஆயா என்னைக் கண்டால், "மணி வருது, மணி வருது" என்பாள்.

இந்த நிலைமையில்தான் திருவேங்கடத்துப் பக்கத்து மிளகாய்க் காட்டுக்காரர் வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்தாள். தலைப்பிரசவம். கூட மாமியாரும் புருஷனும். காலையில் ஆண் குழந்தை பிறந்தது. அன்றைக்கு டாக்டரம்மாவுக்குக் கோவில்பட்டியில் சொந்தக்காரர் கல்யாணம். பட்டுச்சேலைக்கு மேலே ஏப்ரனைக் கட்டிக்கொண்டுதான் பிரசவம் பார்த்தார். வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நஞ்சுக்கொடி இறங்கத் தாமதமானது. வழக்கமாகக் காத்திருப்பவர், அன்றைக்குக் கொடியைப் பிடித்து இழுத்துவிட்டார்.

வந்த நஞ்சைத் தட்டில் விரித்து, குழாயடியில் கழுவி, முழுசாக வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆனால் மாமியார் புது மண்சட்டியோடு வாசலில் நின்றாள். எங்கள் பக்கத்தில் அதை வீட்டார் வாங்கிப்போய்ப் புதைப்பார்கள். அடுத்தவர் கண் படக்கூடாது. பட்டால் தாய்க்குப் பால் வற்றும், பிள்ளை சவலை விழும் என்பார்கள்.

"ஒரு நிமிஷம் பெரியம்மா, அலசிப் பாத்துட்டுத் தாரேன்" என்றேன்.

"அதுல பாக்கதுக்கு என்ன கெடக்கு? இங்கன கொண்டா."

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் வந்துட்டு. குடுத்தனுப்பு" என்றார். கொடுத்தேன். மாமியார் சட்டியின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, குழி தோண்ட மகனைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். கார் போய்விட்டது.

கர்ப்பப்பை சுருங்குவதற்கான ஊசி ஒன்று எல்லோருக்கும் போடுவது வழக்கம். அதைப் போட்டேன். வயிற்றைத் தொட்டேன், தேங்காய் மாதிரி இறுகியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போர்வையை விலக்கித் துணியைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. அடுத்த படுக்கைக்குக் கட்டு மாற்றிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். அப்போதும் சுத்தமான துணி. அப்போதுதான் எனக்குள்ளே மணி அடித்தது. பிள்ளை பெற்று இவ்வளவு நேரமானவளின் துணி இத்தனை சுத்தமாக எப்படி இருக்கும்? எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், ஒருத்திக்குக்கூட இப்படி இருந்ததில்லையே.

அவள் கொட்டாவி விட்டாள். அடுத்தடுத்துக் கொட்டாவி. "அக்கா, ஒரு வாய் தண்ணி தாங்க" என்றாள். உதடு காய்ந்த இலை மாதிரி வெளுத்திருந்தது.

"பச்ச உடம்புக்குத் தண்ணியா? வயிறு ஊதிப்போவும். சும்மா கெட" என்றாள் மாமியார்.

"பெரியம்மா, இவ துணிய யாரு மாத்துனா?"

"நாந்தான். வேற யாரு மாத்துவா?"

"பழைய துணியெல்லாம் எங்க?"

"உனக்கு எதுக்குட்டி அது?"

"நான் பாக்கணும்."

"தீட்டுத் துணியப் பாக்கணும்னு கேக்க நர்ச இப்பத்தான் பாக்கேன். ஒனக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"இல்ல."

"அதான்."

ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பின்பக்கம் கழுவுகிற இடத்துக்குப் போனேன். மூலையில் அவர்கள் வீட்டு வாளி, தாம்பாளம் போட்டு மூடியிருந்தது. "ஏட்டி, தொடாத! தொடாத!" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். தாம்பாளத்தைத் தூக்கினேன். வாளி நிறையத் துணி. மேலேயிருந்ததை மட்டும் கையில் எடுத்தேன், பிழியாமலே வடிந்தது. ஆயாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

ஓடிப்போய் வயிற்றைத் தொட்டால், முன்பு தேங்காய் மாதிரி இருந்தது இப்போது பிசைந்த மாவு மாதிரிக் கிடந்தது. அழுத்தித் தேய்த்தேன். இறுகியது, கட்டி கட்டியாக வெளியே வந்தது. கையை எடுத்ததும் மறுபடி தளர்ந்தது. இன்னொரு ஊசி போட்டேன். அப்போதும் அதே கதைதான். நாடி விரலுக்குக் கீழே நூல் மாதிரி ஓடியது. உள்ளே நஞ்சுத் துண்டு எதுவோ தங்கியிருக்கிறது என்று தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்லமுடியும். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது மண்சட்டியில் பின்கட்டு மண்ணுக்குள்ளே கிடந்தது.

ஆஸ்பத்திரியை ஒட்டியிருந்த டாக்டரம்மா வீட்டுப் போனுக்குப் பூட்டு உண்டு. எண் சுற்றுகிற வட்டத்தில் சின்னப் பூட்டு, சாவி அவர் கைப்பையில். தந்தியாபீசுக்குப் போய் வெளியூருக்கு டிரங்கால் போடலாம் என்றால் கல்யாண மண்டபத்தின் நம்பர் யாருக்கும் தெரியாது. பொழுது சாய்ந்துதான் வருவேன் என்று சொல்லிப் போயிருந்தார்.

ஆயாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ரத்தம் ஏத்த இந்த ஊருல வசதி இல்ல. திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப் போறேன்" என்றேன்.

"ஒனக்குக் கோட்டியா புடிச்சிருக்கு? போன தடவ வாங்கிக் கட்டிக்கிட்டது மறந்து போச்சா?"

"இது பசி மயக்கம் இல்ல."

"இருக்கட்டும். இங்கன வச்சே செத்தா அது விதி. அனுப்பிச் செத்தா அது நீ. யோசிச்சுக்கோ."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் மாதிரி ஆட்களுக்குக் கணக்கு அப்படித்தான். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். செய்தால்தான் கேட்பார்கள். வீட்டில் அம்மாவும் படிக்கிற தங்கச்சியும் என் சம்பளத்தைத்தான் பார்த்திருந்தார்கள். படுக்கையில் கிடந்தவள் தண்ணி கேட்பதைக்கூட நிறுத்திவிட்டாள். அதுதான் என்னைத் தள்ளியது.

அவள் புருஷனைக் கூப்பிட்டேன். "தம்பி, பஸ் ஸ்டாண்டுல போய் டாக்சி கொண்டாங்க. உடனே திருநெல்வேலி போவணும்."

"டாக்டரம்மா சொல்லாம நாங்க எங்கயும் போவ மாட்டோம்" என்று மாமியார் குறுக்கே வந்து நின்றாள். "இவ யாருலே அனுப்பதுக்கு? ஊசி கழுவுத புள்ள."

புருஷன் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வையில் நேரம் போய்க்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க" என்றேன். "ரத்தம் கூடுனா ஒரு நிமிஷம் வைக்காம அனுப்பிரு, நான் வந்து பேசிக்கிடுதேன்னு சொன்னாங்க."

பொய். அத்தனை சரளமாக நான் அதுவரை பொய் சொன்னதில்லை. டாக்டரம்மா பெயரைக் கேட்டதும் கிழவி வழிவிட்டாள். அவன் ஓடினான்.

குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். பின்சீட்டில் அவளைப் படுக்கவைத்து, காலைத் தூக்கி மாமியார் மடியில் வைத்தேன். நான் கீழே மண்டியிட்டு, வயிற்றின்மேல் கையை அழுத்திக்கொண்டே போனேன். கையெடுத்தால் தளர்ந்துவிடும். பனவடலிசத்திரம் தாண்டும்போது என் தோள் மரத்துவிட்டது. ரோடு முழுக்கக் குழி. ஒவ்வொரு குலுக்கலுக்கும் மாமியார் என்னை வைதுகொண்டே வந்தாள். "சாவப் போறவள வண்டியில போட்டு இழுத்துக்கிட்டு..." செத்துவிடுவாளோ, செத்தால் எந்த ஊரில் செத்ததாகச் சொல்லுவார்கள், என்னைப் போலீஸ் பிடிக்குமா என்றெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை அப்படி இல்லை.

பெரியாஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நஞ்சில் ஒரு துண்டு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்ததை எடுத்து, ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். வெளியே வந்த டாக்டர் புருஷனிடம், "கொண்டுவந்தது நல்லதாப் போச்சு" என்றார். அதை அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அங்கேயிருந்த நர்ஸ் ஒருத்தி என் சேலையைப் பார்த்துவிட்டு, "எங்க டிரெயினிங் முடிச்சீங்க?" என்றாள். நான் குழாயடியைத் தேடிக்கொண்டு போய்விட்டேன்.

பஸ்ஸில் திரும்பினேன். சேலையில் ரத்தம் காய்ந்திருந்ததால் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. உட்கார இடம் கிடைத்ததே என்று சன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

மறுநாள் டாக்டரம்மா என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நான் எப்ப அனுப்பச் சொன்னேன்?" என்றார்.

"சொல்லலம்மா. அனுப்பாட்டா செத்துருப்பா."

"அதை முடிவு பண்ண நீ யாரு?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. 'நீங்கள் ஊரில் இல்லை, நான் இருந்தேன்' என்பதுதான் அது. சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு நஞ்சுத் துண்டு விஷயம் அதற்குள் தெரிந்துவிட்டது என்பது அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசியதிலேயே புரிந்தது.

குழந்தையைத் தூக்கிப்போக மாமியார் வந்தாள். மருமகள் பிழைத்ததற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று நான் அங்கேயே நின்றேன், மடச்சி. அவள் டாக்டரம்மாவிடம், "நல்லா இருந்த புள்ளைக்கு ஏன் அப்படி ரத்தம் பெருகிச்சி? இவ வாளியத் தொறந்து துணியப் பூராப் பாத்தாள்லா, அந்தக் கண்ணுதான். கல்யாணம் ஆவாதவ கண்ணு. நான் தொடாத தொடாதன்னு கத்துனேன், கேட்டாளா?" என்றாள்.

டாக்டரம்மா மருத்துவம் படித்தவர். கண் பட்டு ரத்தம் போகாது என்று அவருக்குத் தெரியும். யாருடைய கை பட்டுப் போனது என்பதும் தெரியும். என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு கிழவியிடம், "நீங்க சொல்றது சரிதாம்மா. இவளுக்குக் கொஞ்சம் அவசர புத்தி. இனிமே இங்க இருக்கமாட்டா" என்றார்.

கிழவிக்கு முகம் தெளிந்துவிட்டது. வெள்ளைச் சேலைகளைத் துவைத்து மடித்து மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அந்த ரத்தக்கறைச் சேலையையும் வைத்தேன். கறை முழுதாகப் போகவில்லை.

அப்புறம் ராயகிரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சில வருஷம் கழித்து அந்த ஆயா ஒரு நாள் சந்தைக்கு வந்தவள் என்னைப் பார்க்க வந்தாள். அதே மிளகாய்க் காட்டுக்காரர் வீட்டுப் பெண் இரண்டாம் பிரசவத்துக்கும் டாக்டரம்மாவிடமே வந்தாளாம். கேட்டுக்குள் கால் வைக்குமுன் மாமியார், "அந்தக் கொள்ளிக்கண்ணு நர்சு இருக்காளா?" என்று விசாரித்துவிட்டு, இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே வந்தாளாம். சொல்லிவிட்டு ஆயா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "மணி இல்லாம ஆஸ்பத்திரி அமைதியா இருக்குட்டி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பிரசவம் நல்லபடியா ஆச்சா?" என்று கேட்டேன்.

"ஆச்சு, ஆச்சு. பொம்பளப் புள்ள."

"துணிய யாராவது பாத்தீங்களா?"

ஆயா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்கு எதுக்குட்டி அந்த வம்பு?" என்றாள்.