அம்மாவின் ஒற்றை முடி

அம்மா இருபத்தாறு வருடம் ஒரு சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். துணியில் எவ்வளவு ஈரம் மிச்சம் என்று புறங்கை வைத்தே சொல்லிவிடுவாள். குளிர்காலம் வந்தால் வீட்டின் பின்னறையில், உப்பில் ஊறிய பன்றித் தொடையைத் தொங்கவிடுவாள். எடையில் மூன்றில் ஒரு பங்கு குறையும்வரை அது காய வேண்டும்.

நான் ஆபரேஷன் தியேட்டர்களுக்கு ஏசி வடிவமைப்பவள். காற்றும் ஈரப்பதமும்தான் என் பிழைப்பு. அம்மா விடமாட்டாள், தொங்கும் தொடையைக் காட்டிக் கேலி செய்வாள். "உன் பேஷண்டாவது வாயைத் திறந்து சொல்லுவான். என் பேஷண்ட் நாறினாத்தான் சொல்லுவான்."

கடைசித் தொடையைத் தொங்கவிட்ட பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள். மாரடைப்பு. வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான். அவள் கைபட்ட கடைசி வேலை அது, கெட்டுப்போகாமல் முடித்துத் தர முடியுமா என்று.

பின்னறையில் ஒரு ஜன்னல். தரையில் அகலமான தட்டு நிறையத் தண்ணீர். தொடைக்குப் பக்கத்துச் சுவரில் அம்மாவின் தலைமுடி ஒன்று, முழங்கை நீளம். மேல்நுனி ஆணியில். கீழ்நுனியில் கட்டிய ஒரு துடைப்பக்குச்சி, ஒரு முனை சுவரில் குத்தப்பட்டு, மறுமுனை மேலும் கீழும் ஆடும்படி. ஈரம் கூடினால் முடி நீளும், குச்சி இறங்கும். உலர்ந்தால் ஏறும். குச்சி நிற்க வேண்டிய எல்லைக்கு இரண்டு பென்சில் கோடுகள். போன வருடம் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

நான் ஒரு மின்விசிறி வைத்தேன். ஈரப்பதம் காட்டும் மீட்டர் மாட்டினேன். வயர் எட்டிய இடம் தண்ணீர்த் தட்டுக்கு நேர் மேலே. எழுபத்தைந்து சதவீதம் காட்டியது. நிம்மதியானேன்.

நாலாம் நாள் அப்பா கதவருகே நின்றார்.

"குச்சி மேல ஏறியிருக்கும்மா."

"மீட்டர் சரியாத்தானே காட்டுதுப்பா."

"அது தண்ணியைப் பாக்குது. உங்கம்மா முடி கறியைப் பாக்குது."

தொட்டேன். மேற்புறம் அட்டைபோல இறுகியிருந்தது. அழுத்தினால் உள்ளே கொழகொழ. மேல் அடைத்துக்கொண்டால் உள்ளீரம் வெளியேறாது, நடுவிலிருந்து அழுகும். கல்லூரியில் முதல் வருடப் பாடம் அது.

விசிறியைக் கழற்றினேன். அம்மாவின் பழைய விரிப்புகளை நனைத்துப் பிழிந்து அறைக்குள்ளேயே கொடி கட்டிப் போட்டேன். ஜன்னலை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தினேன். சாயங்காலம் குச்சி இறங்கிக் கோடுகளுக்கு நடுவில் நின்றது. மீட்டரை முடிக்குப் பக்கத்தில் மாற்றினேன். பிறகு தினமும் இரண்டையும் ஒப்பிட்டேன். மேல்கோட்டில் எழுபது, கீழ்க்கோட்டில் எண்பது. கறிக்கு வேண்டிய எல்லை அதேதான். சதவீதம் என்ற சொல்லையே அவள் சொல்லிக் கேட்டதில்லை. இவ்வளவு ஒழுங்காக நிற்காத இயந்திரங்களுக்கு நான் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஐந்து வாரத்தில் எடை சரியாக வந்தது. அறுத்தேன். ஓரம் முதல் நடுவரை ஒரே அடர்சிவப்பு. அப்பா மெல்லிய துண்டு ஒன்றை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"உப்பு தூக்கல். எப்பவும் அவ அப்படித்தான்."

தொடையை இறக்கிவிட்டோம். முடியை எடுக்கவில்லை. இன்று மழை. குச்சி கீழ்க்கோட்டையும் தாண்டி இறங்கியிருக்கிறது.