பின்பக்கத்துக் கைப்பிடிகள்

ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் ‘முன்கை’. ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைப் பிடிப்பவள். பின்பக்கத்தைப் பிடித்த தோழி ‘பின்கை’. இருபத்தாறு வருஷம் இருவரும் சேர்ந்தே தூக்கினார்கள். லிஃப்ட் பழுதான நாட்களில் மூன்று மாடி ஏறி இறங்கினார்கள். “உங்கள்ல ஒருத்தர் மட்டும் தனியா வந்தா எனக்கு அடையாளமே தெரியாதும்மா” என்று வாட்ச்மேன் கிண்டல் செய்வார்.

முன்கைக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. பின்கையின் புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம். ஓய்வு பெற்றதும் ஒன்றாகவே இருந்துவிடுவது என்று பேசி, ஒரு பெரிய வீட்டின் பின்புறம் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்தார்கள். வெளியே கொஞ்சம் புல்தரை. ஆசை ஆசையாக நான்கு கோழிகள் வாங்கினார்கள். பதினோராம் நாள் வெளிநாட்டில் இருந்த பின்கையின் மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது.

“ஆறே மாசம்டி. பிள்ளைங்களுக்குக் கழுத்து நின்னதும் ஓடி வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் பின்கை விமானம் ஏறினாள்.

ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும் முன்கையை நோக்கி ஓடி வர இந்த உலகத்தில் அந்த நான்கு கோழிகள் மட்டும்தான் இருந்தன.

அவற்றுக்கும் ஒரு திங்கட்கிழமை கெடு வந்தது. முன்வீட்டு வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு புல்தரையின் நடுவே நின்றாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. கிளறிக் கிளறி என் தரைய சொட்டைத் தலையாக்கிடுச்சுங்க.”

“கூண்டுல அடைச்சிடறேம்மா.”

“ஒரே இடத்துல அடைச்சா நாத்தம் வரும். அந்த இடமும் மொட்டையாயிடும். தினம் ஒரு இடத்துல அடைங்க. முடியலேன்னா யாருக்காவது குடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன்.”

தினம் ஒரு இடம் என்றால் கூண்டு நகர வேண்டும். நகர வேண்டுமென்றால் எடையே இருக்கக் கூடாது. மரமும் இரும்பும் ஆகாது. பைப் கடைக்குப் போனாள்.

“எதுக்குக்கா இவ்ளோ பிளாஸ்டிக் பைப்பு? குளியலறை கட்டறீங்களா?” என்றார் கடைக்காரர்.

“கோழிக்கு வீடு.”

“குடுத்து வெச்ச கோழி! நான் இன்னும் வாடகை வீட்லதான் இருக்கேன்.”

மூன்று நாள் வேலை. எட்டடி நீளம், நாலடி அகலம், இரண்டடி உயரம். மூலைகளில் முழங்கை மூட்டு வைத்து, பசை தடவி, முப்பது எண்ணும் வரை அழுத்திப் பிடித்தாள். சுற்றிலும் கோழிவலையை இழுத்து கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கினாள். மேலே பாதிக்குத் தார்ப்பாய், வெயிலுக்கு. மறுபாதியில் வலையில் ஒரு கதவு. அடிப்பக்கம் திறந்தே இருந்தது. கோழிகள் புல்லில் நின்று மேய வேண்டுமே.

வியாழன் மாலை முடிந்தது. கோழிகளை உள்ளே விட்டாள். முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளையும் பற்றி, “தூக்கலாமா?” என்று கேட்டாள்.

பழக்கத்தில் பின்னால் திரும்பினாள். அப்போதுதான் பார்த்தாள். அடிப்பைப்புகளை ஸ்ட்ரெச்சர் கம்பு மாதிரி முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம் நீட்டிவிட்டிருந்தாள். நான்கு கைப்பிடிகள். அளந்து, வெட்டி, முனையில் ரப்பர் உறைகூட மாட்டியிருந்தாள், பின்கைக்கு உள்ளங்கை காய்த்துப்போகும் என்று. என்ன பைத்தியக்காரத்தனம்! அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அன்று பின்கை போனில் வந்தாள். பின்னால் இரண்டு குழந்தைகளும் அலறிக்கொண்டிருந்தன.

“கூண்டு எப்டி வந்திருக்கு?”

“நாலு கைப்பிடி வெச்சிருக்கேன்.”

“நல்லதா போச்சு. நான் வந்ததும் பின்னாடி புடிக்கிறேன்… டேய், அத வாயில போடாத! வெச்சுடறேன்டி.”

எப்போது வருவாய் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. போன் அதற்குள் அடங்கிப்போனது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரம்மாவின் கதவைத் தட்டினாள். “ஒரு நிமிஷம் ஒரு பக்கம் புடிக்கிறீங்களாம்மா?” “குளிச்சிட்டு வந்துடறேன்க்கா.” முக்கால் மணி நேரம் கூண்டின் அருகே நின்றாள். வீட்டுக்காரம்மா வந்தாள், பிடித்தாள், கூண்டு காகிதம்போல எழுந்தது. கோழிகள் உள்ளேயே சமர்த்தாக நடந்தன. “அவ்ளோதானா?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரம்மா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே போய்விட்டாள்.

சனிக்கிழமை மறுபடி தட்டக் கூசியது. தனியாகவே முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தாள். பின்பக்கம் தரையோடு உரசிக்கொண்டு வந்தது. ஒரு கோழி வீல் என்று கத்தியது. பின்பைப்பின் அடியில் அதன் விரல் சிக்கியிருந்தது.

எத்தனையோ உடைந்த கால்களைச் சுமந்தவள் அவள். ஒருவருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. கோழியை மடியில் வைத்து மஞ்சள் தடவினாள். “மன்னிச்சுக்கடி, மன்னிச்சுக்க” என்று புலம்பினாள். இனி யாராவது வந்து பிடிப்பார்கள் என்று நம்பி இந்த வாயில்லா ஜீவனை வதைப்பது பாவம்.

ரம்பத்தை எடுத்தாள். பின்கைப்பிடிகள் இரண்டையும் ஒரு சாண் மட்டும் விட்டு அறுத்தாள். பிளாஸ்டிக் பைப்தான், அறுக்க இரண்டு நிமிஷம் போதும். அவளுக்கு அந்தி சாயும் வரை ஆயிற்று. ரப்பர் உறைகளைக் கழற்றும்போது வாய்விட்டே அழுதாள். மிஞ்சிய துண்டுகளின் மேல் ஒரு கம்பியைக் கிடத்திக் கட்டி, பழைய சாமான் கடையில் வாங்கிய குழந்தை வண்டிச் சக்கரங்களைக் கோத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முன்பக்கத்தை முழங்கால் உயரம் தூக்கினாள். பின்பைப்பு தானாகத் தரையைவிட்டு இரண்டு விரல் எழும்பியது. கோழிக் கால்களைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி அடி அடியாக நடந்தாள். சக்கரம் உருண்டது. நொண்டிக் கோழிகூடத் தடுமாறவில்லை. எட்டடி நகர்ந்ததும் இறக்கினாள். கூண்டு புல்லோடு பதிந்து உட்கார்ந்தது.

வீட்டுக்காரம்மா வந்து பழைய இடத்தைக் குனிந்து பார்த்தாள். புல் சாய்ந்திருந்தது, சாகவில்லை.

“இருக்கட்டும்க்கா கோழிங்க.” பிறகு சக்கரத்தைப் பார்த்து, “ஏன்க்கா, கூப்ட்டிருந்தா நான் வந்து புடிச்சிருப்பேன்ல?”

“தினமும் கூப்பிடணுமேம்மா.”

வீட்டுக்காரம்மா சக்கரத்தை விரலால் ஒருமுறை உருட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

முன்கை தார்ப்பாயை இழுத்துச் சரி செய்தாள். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பினாள். கதவுக் கொக்கியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள். கோழிகள் அவளை மறந்துவிட்டுப் புதுப் புல்லில் இறங்கிவிட்டன.

மணி ஏழுகூட ஆகவில்லை. செய்ய வேண்டிய வேலை எல்லாம் முடிந்துபோயிருந்தது. முழுப் பகலும் மிச்சம் இருந்தது.