சிரிக்காத குமாஸ்தா

என் கணவரின் அண்ணனைப் பழிவாங்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வெள்ளைக்கார நடிகர். அவர் நடித்த பழைய பிரிட்டிஷ் சிரிப்புத் தொடரை மதியச் சமையல் முடிந்ததும் செல்போனில் பார்ப்பேன். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பந்தா பேசும் மேலதிகாரி ஒருவர், அவரிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் குமாஸ்தா ஒருவர். கீழே ஓடும் வசனத்தை மட்டும் படித்தால் கொட்டாவிதான் வரும். ஆனால் குமாஸ்தாவாக நடித்தவர் இருக்கிறாரே! மேலதிகாரி கிண்டல் செய்தால் கோபப்பட மாட்டார், அசடு வழிய மாட்டார். ஏதோ முக்கியமான சேதி இனிமேல்தான் வரப்போகிறது என்பதுபோல் மரியாதையாகக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பிலேயே மேலதிகாரியின் மானம் கப்பலேறிவிடும்.

எனக்கு அது தேவைப்பட்டது. நான் சேலம் டவுன்காரி. கல்யாணமான புதிதில், நாமக்கல் பக்கம் கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு. கிடாவின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டு எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாவம், குளிருமே என்று துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன். அன்றிலிருந்து கணவரின் அண்ணனான மூத்தவர் எந்த விருந்திலும் இதைச் சொல்லாமல் இலையை மடித்ததில்லை. அவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்பதால் நானும் சேர்ந்து இளிப்பேன். பந்தியில் வைத்தே இந்த மனிதரின் வாயை அடைக்க வேண்டும் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

போன வருடக் கறிவிருந்துக்கு அவருடைய புதுச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். நான் குழம்பு வாளியோடு வந்ததும் ஆரம்பித்தார்.

"ஏனுங்க சம்பந்தி, எங்க அம்மிணி கெடாய்க்குத் தொவட்டி உட்ட கதை தெரியுமுங்களா?"

முழுக்கச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பணிவாக அவர் முகத்தையே பார்த்தேன்.

"அப்புறமுங்க மாமா?"

"அப்புறமென்ன அம்மிணி, அவ்வளவுதான். தொவட்டி உட்டியே!"

"ஆமாங்க. அப்புறமுங்க?"

சிரிக்க வாய் திறந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். அதில் என்ன வேடிக்கை என்று விளக்க ஆரம்பித்தார். பாதியில் குரல் தடுமாறியது, காது சிவந்தது. நான் அசையவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் நின்றதில்லை.

சம்பந்தியம்மா அவரைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக் குலுங்கினார். பந்தி முழுக்கச் சிரிப்பு பரவியது.

"கொழம்ப ஊத்து சாமி" என்றார் மூத்தவர், இலையைப் பார்த்தபடி.

"சரிங்க மாமா" என்று வாளியை எடுத்தேன். அவரைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனேன்.