குடத்தோடு கோட்டைக்குள்

மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. அப்பாவுக்குத் தைலம், அம்மாவுக்குப் பூப்போட்ட போர்வை, தம்பிக்கு ரிமோட் கார். எனக்கு மட்டும் ஒன்றுமில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் சட்டைப்பையிலிருந்து அந்தப் பகடையை எடுத்துக் காட்டினார்; ஆடி ஜெயித்தால்தான் தருவாராம். பச்சைக் கண்ணாடி போலிருந்தது. அதற்கு ஆறு முகமல்ல, இருபது முகம்! தாயக்கட்டையைத் தவிர வேறெதையும் உருட்டியிராத எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

அவருடைய அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் ஆட்டமாம். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அதற்குள் ஆட்களாக நுழைந்து, என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். தடித்த விதிப்புத்தகம் ஒன்றும் இருந்தது, இங்கிலீஷில். மாமா ஆட்டத்தைக் காதால் கேட்டே கற்றவர். அப்பா மூன்றாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவர், அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். ஆக, அந்தப் புத்தகத்தைத் திறந்து வாசிக்கக்கூடிய ஒரே ஆள் ஏழாம் வகுப்பில் இருந்த நான்தான். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதிக்கும் நான் பொருள் சொல்ல, மாமாவே வாயைப் பிளந்து கேட்பார். அந்தப் பெருமை எனக்கு இன்றுவரை குறையவில்லை.

புத்தகத்திலிருந்த பனிமலைக் கோட்டை மாமாவுக்குப் பிடிபடவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் திருமயம் கோட்டையை வரைந்துவிட்டார். தம்பி மாவீரன், நான் திருடி. மாவீரன் முதல் நாளே வீரத்தைக் காட்டப்போய்க் கோட்டைச் சிறையில் மாட்டிக்கொண்டான். அவனை மீட்டால் பகடை எங்களுக்கு. நான் பிடிபட்டால் பகடை மாமாவோடு விமானம் ஏறிவிடும்.

மாமா கிளம்பும் நாளும் வந்துவிட்டது. மூன்று மணிக்குத் திருச்சிக்கு வேன். சாப்பிட்ட கை காயுமுன் உட்கார்ந்தோம். திருடி இரண்டு வாசல்களைச் சுவரோரமாகப் பதுங்கிக் கடந்துவிட்டாள். கடைசி வாசலில் காவல் தலைவன் வேலோடு நின்றான்.

“ஒளிஞ்சுக்கிட்டே போறேன் மாமா.”

“எங்கிட்டு ஒளிவ? மொட்டப் பாறை, உச்சி வெயிலு. ஒம் புத்தகத்த நீயே வாசி ஆத்தா.”

வாசித்தேன். எதிரியின் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில் ஒளிய முடியாது. பகடையை உருட்டக்கூட உரிமை கிடையாது. என் இங்கிலீஷ் என்னையே கவிழ்த்துவிட்டது.

“அக்கா, என்னய விட்டுட்டுப் போயிராத,” என்று தம்பி மூக்கை உறிஞ்சினான்.

அப்போதுதான் எனக்குப் பெரியப்பா வீடு நினைவுக்கு வந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு வேலித் தகராறு பேச அங்கே ஆண்களெல்லாம் கூடியிருந்தார்கள். எட்டிப்பார்த்த தம்பியை விரட்டியடித்தார்கள். நான் தண்ணீர்ச் செம்போடு நடுக்கூட்டத்தில் போய் நின்றேன். ஒருவர்கூடப் பேச்சை நிறுத்தவில்லை. முழுத் தகராறையும் கேட்டுவந்து அம்மாவிடம் ஒப்பித்தேன்.

“நான் ஒளியல மாமா. சுனையில தண்ணி மொண்டு, கொடத்த இடுப்புல வச்சுக்கிட்டு வாசல் வழியாவே போறேன்.”

“பாத்துருவான்டி!”

“பாப்பான். ஆனா கண்டுக்க மாட்டான்.”

“அதெப்புடி? அவனுக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?” மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு அடுப்படியைப் பார்த்துக் கத்தினார். “அக்கா! ஒம் மகள வக்கீலுக்குப் படிக்க வையி!”

“எதுக்குடா அங்கிட்டுப் பாத்துக் கத்துற? இங்கனதான நிக்கிறேன்.”

அம்மா அவர் முதுகுக்குப் பின்னால் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். நான் துள்ளி எழுந்தேன்.

“மாமா! கையில என்ன?”

மாமா கையைப் பார்த்தார். டீ டம்ளர். அதில் பாதியைக் குடித்தும் இருந்தார்.

“யாரு குடுத்தா? எப்பக் குடுத்தா?”

மாமா டம்ளரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அடியேய்…” என்று இழுத்தார். “சரி, உருட்டு. பதினஞ்சுக்கு மேல விழணும்.”

இரண்டு கைகளாலும் பகடையை மூடி, ஊதி, உருட்டினேன். அது காலண்டர் கோட்டையைத் தாண்டி, சிமெண்டுத் தரையில் துள்ளி ஓடி, அம்மாவின் காலடியில் நின்றது. தம்பி பாய்ந்து விழுந்து பார்த்தான்.

“பதினெட்டு! அக்கா, பதினெட்டு!”

வீடே அதிர்ந்தது. தோற்ற மாமாதான் எங்களைவிட உற்சாகமாகக் கதை சொன்னார். காவல் தலைவன் திருடியைத் தடுக்காதது மட்டுமில்லை, ‘தண்ணிய உள்ள கொண்டுபோயி இறக்கு’ என்று சிறைக்கு அவனே வழியும் காட்டினானாம். திருடி பூட்டை நெம்பினாள். மாவீரன் கயிற்றில் தொங்கி மதிலுக்கு வெளியே குதித்தான். அதே நேரம் வாசலில் வேன் ஹாரன் அடித்தது. மாமா பகடையை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

“அங்க ஒரு பய என்னய இப்புடி மடக்குனதில்ல மருமகளே!”

வேன் போனபிறகும் நான் கூடத்தில் குதித்துக்கொண்டே இருந்தேன். அம்மா டம்ளர்களைப் பொறுக்கியபடி கேட்டாள்.

“அந்தக் கொடத்துக்காரி என்ன ஆனா?”

“யாரு, திருடியா?”

“அவதான். வெளிய வந்துட்டாளா?”

அம்மா இத்தனை நாளும் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அவ எதுக்கும்மா வரணும்? தம்பி தப்பிச்சுட்டான். ஆட்டம் முடிஞ்சுபோச்சு. நாமதான் ஜெயிச்சோம்!”

அம்மா பகடையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடமே நீட்டினாள்.

“அவளுக்கும் ஒருக்க உருட்டு.”

முடிந்த ஆட்டத்துக்கு எதற்கு உருட்டுவது? எனக்கு விளங்கவில்லை. கேட்டுவிட்டாளே என்று உருட்டிவிட்டு, ஜெயித்த கதையை எல்லாருக்கும் சொல்லத் தெருவுக்கு ஓடினேன். அம்மா மட்டும் தட்டை இறக்கி வைத்துவிட்டு, எத்தனை விழுந்தது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.