தார்ச்சாலையில் செத்துப்போன பார்லி: மாரண்டஹள்ளியிலிருந்து அரூர் வரை

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். விழித்திருந்தால் இரண்டு வரி தட்டுவதற்குள் கைபேசியைப் பிடுங்கிக்கொள்வாள். பார்லி போட்டிருக்கிறோம் என்று போன பதிவில் எழுதியபோது, எங்கே கொண்டுபோய் விற்பீர்கள், நாங்களும் போடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நேற்று கொண்டுபோனோம்.

தர்மபுரி மாவட்டத்தில் பார்லியா என்று சிரிக்கலாம். எங்கள் மாரண்டஹள்ளிப் பக்கம் கேழ்வரகும் தக்காளியும்தான் வழக்கம். தர்மபுரிக்கு வெளியே இருக்கும் ஒரு கொள்முதல் கிடங்கிலிருந்து வந்தவர்கள் விதை கொடுத்து, விளைந்ததை மால்ட்டுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். மால்ட் என்றால் தானியத்தை முளைக்கவிட்டு உலர்த்துவது. அதற்கு நல்ல விலை. மாட்டுத் தீவனத்துக்குப் போனால் ஏறக்குறைய பாதி. எங்களுக்கு அந்தப் பாதியில்தான் எல்லாமே இருந்தது. மால்ட்டுக்குப் போனால் என் கணவர் ஊரிலேயே இருந்து விவசாயம் பார்ப்பார். தீவனத்துக்குப் போனால் மறுபடி பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒரு தடவை வீடு. பாப்பாவுக்கு ஒன்றரை வயது. போன தடவை அவர் வந்தபோது யாரோ என்று நினைத்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

காலை ஆறு மணிக்குச் சின்ன சரக்கு வண்டியில் மூட்டைகளை ஏற்றினோம். கிடங்கு வரை வாடகை இரண்டாயிரம். ஓட்டுநர் முனிராஜ் அண்ணன் ஒரு மூட்டையை அமுக்கிப் பார்த்தார்.

“இன்னாக்கா, நீர்க்கடுப்புக்குக் கஞ்சி வெப்பாங்களே, அந்தப் பார்லியா?”

“அதேதாங்கண்ணா.”

“இத்தினி மூட்டையா? யாருக்கு அவ்ளோ கடுப்பு?”

“எங்க ரெண்டு பேருக்குந்தான்” என்றார் என் கணவர். அப்போது மூன்று பேரும் சிரித்தோம்.

பாலக்கோடு வழியாகத் தர்மபுரி சுமார் நாற்பது கிலோமீட்டர். சாலை பரவாயில்லை. ஆனால் பார்லிக் கதிரின் அரிக்கிற சுணை வண்டிக்குள் பறந்து, பாலக்கோடு தாண்டும்போதே பாப்பாவின் கழுத்து சிவந்துவிட்டது. மூச்சு இழுக்கிறதா என்று அவள் மார்பில் காது வைத்தபடியே போனேன்.

கிடங்கில் தரம் பார்க்கும் ஆள் என் வயதுதான் இருப்பார். மூட்டையில் குத்தூசியைச் செருகி, வந்த தானியத்தை வெள்ளைத் தட்டில் பரப்பினார்.

“நீங்க குடுத்த சாம்பிள் இது இல்லீங்களே.”

“அதே கொல்லையில வெளஞ்சதுதாங்க” என்றார் என் கணவர்.

“சாம்பிள்ல தோல் முழுசா இருந்துச்சு. இதுல பாதி உரிஞ்சு கெடக்குது, மொனை ஒடைஞ்சிருக்குது. இது மொளைக்காதுங்க. எதுல அடிச்சீங்க?”

என் கணவர் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரோட்டுல போட்டோம்.”

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். இங்கே கேழ்வரகு, கொள்ளு எதுவானாலும் அறுத்துத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவோம். பேருந்தும் லாரியும் ஏறி ஏறிக் கதிரடித்துக் கொடுத்துவிடும்; மாலையில் கூட்டி அள்ளித் தூற்றினால் வேலை முடிந்தது. பார்லியையும் அப்படித்தான் போட்டோம். வேறு மாதிரி செய்ய வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாம்பிளுக்குக் கொடுத்தது இரண்டு படி. அதற்காக யார் ரோட்டுக்குப் போவது என்று என் மாமியார் வாசலிலேயே குச்சியால் தட்டிக் கொடுத்தார். அது முளைத்தது.

“சாம்பிள் ஒன்னு, லோடு ஒன்னு கொண்டாந்தா எப்பிடிங்க? இனிமே உங்க பேர்ல எடுக்க முடியாது.”

ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லாமல் சொன்னார். ஈரம் இருக்கக்கூடாது, கல் இருக்கக்கூடாது என்று மூன்று தடவை சொன்னீர்களே, இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “ரோட்டுல போடுவீங்கன்னு எங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?” என்றார். கிடங்குக்கு முன்னால் உள்ள சாலையிலேயே அன்று யாரோ கொள்ளு பரப்பியிருந்தார்கள். அவருடைய பைக்கும் அதன்மேல் ஏறித்தான் வந்திருக்கும்.

“அரூர்ல ஒரு தீவனக்காரரு இருக்காருங்க, எதையும் எடுத்துக்குவாரு” என்றார் முனிராஜ் அண்ணன். மொரப்பூர் வழியாக இன்னொரு நாற்பது கிலோமீட்டர். வாடகை மொத்தம் நாலாயிரத்து ஐநூறு ஆனது.

தீவனக்காரர் ஒரு கை அள்ளிப் பார்த்ததோடு சரி. தோல் உரிந்திருக்கிறது, முளைக்காது என்று நானே சொன்னேன்.

“அரைச்சுப் போடறதுக்கு உசுரு எதுக்கும்மா? மாடு என்ன, தோலை எண்ணியா திங்கப்போவுது?”

மூட்டைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து மக்காச்சோளக் குவியலோடு கலந்துவிட்டார்கள். நவம்பரிலிருந்து ராத்திரி ராத்திரியாகத் தண்ணீர் கட்டிய பயிர். எது எங்களுடையது என்று பிரித்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால், கைக்குழந்தையைத் தானிய வண்டியில் ஏற்றாதீர்கள். மூட்டைமேல் தார்ப்பாய் கட்டுங்கள். லோடு ஏற்றுவதற்கு முன்னால், மூட்டைகளில் அங்கங்கே கைவிட்டு நூறு மணி எடுத்து ஈரத்துணியில் முடிந்து மூன்று நாள் பாருங்கள். முளைக்காவிட்டால் கிடங்குக்குப் போகாமல் நேராக அரூர் போங்கள், அலைச்சலாவது மிச்சம். விதை கொடுக்க வருபவர்களிடம் எதில் கதிரடிப்பது என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். மால்ட், மால்ட் என்று ஆசை காட்டுகிறவர்கள் அது உயிரோடு வர வேண்டிய சரக்கு என்பதைச் சொல்வதில்லை.

கால் ஏக்கர் கதிர்க்கட்டு இன்னும் அடிக்காமல் வீட்டில் கிடக்கிறது. ரோட்டைப் பார்க்காத பார்லி அது ஒன்றுதான். இரண்டு பேர் குச்சியால் தட்டினால் நாலு நாளில் முடியும். அதை மால்ட் விலைக்கு எடுக்க ஆள் கிடைத்தால், அடுத்த போகத்துக்கும் இங்கேயே இருந்து பார்க்கலாம் என்கிறார் என் கணவர். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பெங்களூர் வண்டி ஏறுகிறார். மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது.

கொஞ்சமாக மால்ட் பார்லி வாங்குகிறவர்கள் யாரையாவது தெரியுமா? தெரிந்தால் சொல்லுங்கள்; தெரியாவிட்டால் தெரியாது என்றாவது, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கீழே பதில் எழுதுங்கள்.