கிட்டார் பெட்டிக்கு முளை அடித்த ஆடி மாதம்

எனக்கு எண்பது நடக்கிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று என் வயிற்றில் பிறந்தவை. இரண்டு, இறந்துபோன என் நாத்தனாரின் பிள்ளைகள். ஐந்தும் இன்றைக்குத் தம் காலில் நிற்கின்றன. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. நான்காவதாக எனக்குப் பிறந்த பெண் ஒன்பதாம் மாதத்தில் போய்விட்டாள். அவளை வளர்த்தேன் என்று சொல்ல முடியாது.

பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான். என் எழுத்து பெரிது பெரிதாக வரும். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுதினால் அதிகம். அவசரம் ஒன்றும் இல்லை.

திருத்தணியில் எங்களுடையது நெசவு வீடு. குழித்தறி இரண்டு, ஒன்றில் என் வீட்டுக்காரர், மற்றதில் நான். கைக்குழந்தை உள்ளவர்கள் தறிக்குப் பக்கத்தில் தூளி கட்டி, அதன் கயிற்றை மிதிக்கட்டையில் முடிந்துவிடுவோம். நெய்ய நெய்யத் தூளி தானாக ஆடும். அந்தப் பெண் மாசி மாதம் மூன்று நாள் காய்ச்சலில் போனாள். பத்து நாள் கழித்துக் குழியில் இறங்கி மிதித்தேன். மிதிக்கட்டை லேசாக இறங்கிற்று. எப்போதும் இருக்கும் கனம் அதில் இல்லை. எழுந்து வந்துவிட்டேன். அழுகை வரவில்லை. சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. தறியில் மட்டும் உட்கார முடியவில்லை.

"எல்லார் வூட்லயுந்தான் போவுது. தறி இன்னா பண்ணுச்சி ஒன்ன?" என்றாள் மாமியார். அவளும் இரண்டை மண்ணில் வைத்தவள். பங்குனி போயிற்று, சித்திரை, வைகாசி போயிற்று. என் தறியில் பாவு நூல் அப்படியே கிடந்தது.

என் கொழுந்தன் மெட்ராஸில் ரேடியோ கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து, முன் அறையில் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். ஊரில் ஒரு பாட்டுக் குழு. அவர்களுக்குக் கிட்டாரின் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி ஒன்று, வால்வு போட்டது, ஆடிக் கிருத்திகைக்குள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். பெட்டிக்குள் பழுப்பு நிற பேக்லைட் பலகை ஒன்று வரும். அதில் துளை போட்டு, சுண்டுவிரல் நகம் உயரத்துக்குப் பித்தளை முளைகளை வரிசையாக அடிக்க வேண்டும். முளைக்கும் முளைக்கும் நடுவில்தான் மற்ற சாமான்களை வைத்துப் பற்றவைப்பது. அவன் அதை டரட் என்பான், நான் முளை என்பேன். கடையில் கிடைக்காது, அரக்கோணத்தில் லேத் பட்டறைக்காரர் கடைந்து கொடுத்தார்.

அவனுக்கு முளை அடிக்க வரவில்லை. ஓங்கி அடித்து இரண்டு பலகையைப் பிளந்துவிட்டான். கூட்டிக்கொண்டிருந்த நான் துடைப்பத்தை வைத்துவிட்டு, "குடு இப்டி" என்றேன்.

முளையில் சாமான் பற்றவைக்கும் தலை கீழே இரும்புக் குழியில் உட்காரும். வால் பலகைக்கு மேலே எட்டிப் பார்க்கும். அதன் வாயில் கூர்க்கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். முதல் தட்டில் வால் விரியும், இரண்டாவதில் மடங்கும், மூன்றாவதில் படியும். குறைத்தால் முளை சுற்றும், கூட்டினால் பலகை போகும். தறியில் ஊடை நூலை அடித்துச் சேர்த்த கைக்கு இது பெரிய வேலை இல்லை. தட்டும்போது நான் எதையும் நினைக்கவில்லை. அதற்காகத்தான் அங்கே உட்கார்ந்தேன்.

ஒரு வாரம் பார்த்த மாமியார் வாசற்படியில் நின்று சொன்னாள்: "கிருத்திகை வரிக்கும் தட்டு. அந்தப் பொட்டி பேசுச்சின்னா நீ இங்கியே இருந்துக்கோ. பேசலன்னா தறியில ஒக்காரணும். ஒத்தத் தறிய வெச்சிக்கினு இந்தக் குடும்பம் ஓடாது."

"சரிங்க அத்தை" என்றேன். என் வீட்டுக்காரர் அறுந்த இழையைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார்.

கிருத்திகைக்கு ஆறு நாள் இருக்கும்போது கொழுந்தன் டிரான்ஸ்பார்மர் வாங்க ரயிலேறினான். பெரிய பலகையில் வரைந்த காகிதத்தை ஒட்டி, துளையும் போட்டு வைத்திருந்தான். "நீங்களே கோத்து அடிச்சிடுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனான். அதுவரை கோத்துக் கொடுத்தது அவன். நான் அடிக்க மட்டும்தான் செய்தேன்.

எங்கள் சேலையில் பூ போடும்போது முதுகுதான் எங்களைப் பார்க்கும், முகம் கீழே இருக்கும். பூ எப்படி விழுகிறது என்று பார்க்க, அடியில் கண்ணாடி பிடிப்போம். படக் காகிதம் எப்போதும் முதுகுப் பக்கம், நம் கண்ணுக்கு எதிரே. பலகையையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். காகிதம் எனக்கு நேராக இருக்க, நாற்பத்திரண்டு முளையையும் அடியிலிருந்து கோத்து அடித்தேன். ஒன்றுகூடச் சுற்றவில்லை.

சாயங்காலம் வந்தவன் பலகையைத் திருப்பினான். மறுபடியும் திருப்பினான்.

"அண்ணி, காயிதம் ஒட்டனதுதான் மூஞ்சி. எல்லாம் முதுவுல மொளச்சிருக்குது."

தறியிலிருந்து என் வீட்டுக்காரர், "பொட்டிய குப்புறப் போட்டு வாசிக்கச் சொல்லுடா" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அடித்த முளையைக் குடைந்துதான் எடுக்க முடியும். எடுத்தால் முளை போய்விடும். வேறு முளை கிடையாது. லேத்துக்காரர் காவடிக்கு மாலை போட்டுக்கொண்டு பட்டறையைப் பூட்டிவிட்டார். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஈரத் துணியை எடுத்துக்கொண்டு போய் என் தறிக் குழியைத் துடைக்க ஆரம்பித்தாள். துணி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. எனக்குப் பயமோ கோபமோ வந்த ஞாபகம் இல்லை. என் கைதான், ஓரத்தில் ரசம் போன முகக் கண்ணாடியை எடுத்து வந்தது.

"படத்த இதுல காட்டு. இப்ப பலக இப்டித்தான இருக்குது?"

"ஆங், இப்டித்தான்."

"தகரப் பொட்டியில ஓட்ட போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப அதயும் இத பாத்தே போடு."

அவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "வலது எல்லாம் இடதா பூடும். வால்வோட காலு மட்டும் மாறாது, அத எண்ணி எண்ணித்தான் போடணும்."

"எண்ணிப் போடு. எண்ணத் தெரியாதா ஒனக்கு? நெசவுக்காரன் புள்ளதான?"

நாலு பகல் கண்ணாடியை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு ஒயர் இழுத்தான்.

கிருத்திகை அன்று மலையடிவாரத்தில் மேடை. காவடிகள் போய்க்கொண்டே இருந்தன. மாமியார் என் பக்கத்தில் நின்றாள். கிட்டார்க்காரர் பெரிய கிருதா வைத்தவர். ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியின் வலது பக்கத்தைத் தடவினார்.

"இன்னாப்பா, எங்க சொருவறது?"

"இடது பக்கம் சார்."

"திருகெல்லாம் தலகீழா கெடக்குது?"

"புது மாடலு சார்" என்றான் கொழுந்தன், முகம் மாறாமல்.

பெட்டி முதலில் உறுமிற்று. பிறகு கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் என் நெஞ்சில் வந்து மோதியது. மோதியது தெரிந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பெண் குழந்தையின் காதைப் பொத்தினாள். நான் அந்தக் குழந்தையைப் பார்த்தேன். எதுவும் ஆகவில்லை.

மாமியார் கடைசிப் பாட்டு வரைக்கும் நின்று கேட்டாள். பிறகு, "பேசுது. நீ அங்கியே இருந்துக்கோ" என்றாள்.

மறுநாள் காலை நான் முன் அறையில் சுத்தியலை எடுத்தபோது உள்ளே இரண்டு தறியின் சத்தமும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வீங்கிய காலைக் குழியில் விட்டுக்கொண்டு, மாமியார் என் தறியில் உட்கார்ந்திருந்தாள். அறுந்த இடங்களை அவளே பிணைத்திருந்தாள். தன் பிள்ளைகள் போன பிறகு மிதித்தபோது அவளுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஏழு வருஷம் அவள் நெய்தாள், நான் முளை அடித்தேன். இந்தப் பக்கத்துப் பாட்டுக் குழுக்களின் பெட்டிகளில் என் கை படாதது குறைவு. அழுகை வரும் என்று கொஞ்ச காலம் காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதும் நின்றுவிட்டது.

எழுதியது இவ்வளவுதான். என் எழுத்தை என்னாலேயே திரும்பப் படிக்க முடியவில்லை, கண் கூசுகிறது. பேத்தியைக் கூப்பிட்டு நோட்டைக் கொடுத்திருக்கிறேன்.

"படி கண்ணு, மொதல்லேர்ந்து. தப்ப அப்பறம் திருத்திக்கலாம். அந்தக் கொழந்த வர்ற எடத்துல எம் மூஞ்சியப் பாக்காத. நிறுத்தாம படி."