கடையில் வாசித்த கட்டுரை

மில்லர்புரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் சனிக்கிழமை மாலைகளில் இளைஞர்கள் எழுத வருகிறார்கள். சிறிய தொண்டு நிறுவனம் ஒன்று அதை நடத்துகிறது. கப்பல் ஏஜென்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம் நான் அங்கே தன்னார்வலராகச் சேர்ந்தேன். இது மூன்றாவது வருடம். எங்களுக்கு அங்கே அதிகாரம் குறைவு. பிள்ளைகளின் தாளில் பேனா வைக்கக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். நான் முதலில் கேட்பது எப்போதும் "இது எப்போ நடந்தது?" என்பதுதான். எதையும் தேதியோடு குறித்துவைத்துப் பழகியவன் நான். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் காலண்டர் சார்.

வருடத்துக்கு ஒரு முறை, எழுதியவற்றில் நல்லதைத் தேர்ந்து ஒரு சிறு புத்தகம் போடுவோம். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. நிஜமான ஒருவரைப் பற்றி எழுதினால், அச்சுக்குப் போகுமுன் அவரிடமே வாசித்துக் காட்ட வேண்டும். அவர் ஒரே ஒரு மாற்றம் கேட்கலாம். கேட்டால் செய்தாக வேண்டும். எங்களில் ஒருவர் கூடப் போய் உட்கார்ந்திருப்போம். போன வருடம் ஒரு பையன் தன் சித்தப்பாவின் காதலைப் பற்றி எழுதியிருந்தான். சித்தப்பா, காதலை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். மிஞ்சியது அவருடைய மோட்டார் சைக்கிள். அதைத்தான் அச்சடித்தோம்.

இந்த வருடம் பி.காம். படிக்கும் ஒரு பெண் தன் அப்பாவைப் பற்றி எழுதினாள். மீன்பிடித் தடைக் காலத்தில் எழுதத் தொடங்கி, மாதா கோயிலில் கொடி ஏறிய வாரத்தில் முடித்தாள். அவர் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். படகுக்காரர்கள்தான் பாதி வாடிக்கை. அந்த மனிதருக்குக் கடல் என்றால் பயம். கட்டுரை முழுக்க அதுதான். அவள் எழுதியதில் புத்தகத்துக்குத் தேர்வானது இதுவே முதல்.

"அப்பா அந்தப் பயத்தை எடுன்னுட்டா ஒண்ணுமே மிஞ்சாது சார்" என்றாள், கடைக்குப் போகும் வழியில். "நான் மோட்டார் சைக்கிள் கூட எழுதல."

வியாழக்கிழமை மதியம், வியாபாரம் ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனோம். அவர் எனக்கு ஒரு ஸ்டூலும் பன்னீர் சோடாவும் கொடுத்துவிட்டு, துவரம்பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "ம், வாசி" என்றார்.

அவள் வாசித்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் எல்லாரும் கடற்கரைக்குப் போவோம். பிள்ளைகள் தண்ணீருக்குள் ஓடுவோம். அப்பா சிமெண்ட் சுவரில் சம்மணமிட்டு உட்கார்ந்து எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்பார். அலை கொஞ்சம் பெரிதாக வந்தால், தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், செருப்புகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்.

பீடி வாங்க வந்த படகு மெக்கானிக் ஒருவர் வாங்கிய பிறகும் நகரவில்லை.

"அண்ணாச்சி, இத்தன வருசமா எங்ககிட்ட சொல்லவேயில்லையே. ஒரு நாளு எங்க போட்டுல ஏறுதீயளா?"

"ஏறுதேன். நீ அதுவரைக்கும் இங்கன நின்னு எனக்குச் சீனி மூட்டையை இறக்கிக் குடு."

"அப்பம் செருப்பை யாரு பாத்துக்குவா?"

"போலே, போய் இஞ்சினைப் பாரு."

அவர் போன பிறகும் கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே இருந்தார். மகள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு மாத்தம் கேக்கலாம்லா சார்?"

"ஒண்ணுதான் அண்ணாச்சி."

"எல்லாரும் போவோம்னு எழுதியிருக்கா. எல்லாரும் எங்கன போனோம்? இவ அம்மை கடையிலல்லா இருந்தா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடையை அடைச்சா சரியா வருமா? அதை எழுதச் சொல்லுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிறு வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். எழுதும்போது அம்மாவையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய்விட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை புதிய பத்தியோடு வந்தாள். நாங்கள் அலையில் விளையாடிய நேரமெல்லாம் அம்மா கல்லாவில் தனியாக, கடலையே பார்க்காமல், பொறுமையோடு காத்திருந்தாள் என்று எழுதியிருந்தாள். இரண்டு முறை படித்தேன்; எப்போ நடந்தது என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. என்னளவில் கட்டுரை முடிந்துவிட்டது. ஆனால் இப்போது அம்மாவும் அதற்குள் வந்துவிட்டதால், வழக்கப்படி அவரும் கேட்க வேண்டும். திங்கட்கிழமை மாலை மறுபடியும் கடைக்குப் போனோம். அன்றுதான் பக்கங்களை அச்சகத்தில் கொடுக்கக் கடைசி நாள்.

அம்மா கல்லாவில் இருந்தார். அப்பா உள்ளே எண்ணெய் டின்னை நகர்த்திக்கொண்டிருந்தார். புதிய பத்தி வந்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏளா, நான் எப்பம் பாவமா உக்காந்திருந்தேன்? அந்தப் பொறுமையை எடு மொதல்ல."

"பின்ன என்னம்மா எழுத?"

"அந்த ரெண்டு மணி நேரந்தான் கடை என் கையில இருக்கும். மிட்டாய் பாட்டிலு, சோப்பு எல்லாத்தையும் என் இஷ்டத்துக்கு இடம் மாத்தி வைப்பேன். மறுநாளு அவிய தேடுவாவ பாரு, அதைப் பாக்கணும்."

டின் நகரும் சத்தம் நின்றது. "அது நீதானா? நான் இவளையில்லா ஏசினேன்."

"ஆமாப்பா, வாரா வாரம் ஏசினீயளே" என்றாள் மகள்.

"நீயும் பாட்டில்ல மிட்டாய் திருடின கைதானளா" என்று அம்மா சொன்னார். "கொஞ்சம் ஏச்சு வாங்கிக்கிட்டா என்ன?"

நான் கேள்வியே கேட்காமல் விட்ட பத்தியை அந்தப் பெண் கல்லா மேசையிலேயே வைத்து அடித்துவிட்டு, அம்மா சொல்லச் சொல்ல வேறு எழுதினாள். எந்தப் பாட்டில் எங்கே இருந்து எங்கே போனது என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். இடையில் நான் ஒரு கேள்வி கேட்டேன், எப்போதிலிருந்து என்று. இவள் பால்வாடியில் சேர்ந்த வருடத்திலிருந்து என்றார் அம்மா. அதுவும் தாளில் ஏறியது.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அப்பம் நான் பயப்படுத கதை?"

"ஒங்க மாத்தத்த நீங்க கேட்டாச்சு அண்ணாச்சி" என்றேன்.

"தெரியும் சார். அது கெடக்கட்டும், உள்ளதுதான." பிறகு மகளிடம், "அச்சடிச்சதும் கடைக்கு ரெண்டு கொண்டா. அந்த மெக்கானிக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

அச்சகம் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் தாள்களை மடிக்காமல் ஒரு பாலிதீன் பைக்குள் வைத்து என்னிடம் கொடுத்தாள். ஸ்கூட்டியை எடுத்தாள். நான் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டேன்.